நஜீபாபாத் கோட்டையில் சுல்தானா: பிறப்பே குற்றமாகிப் போனவனின் கதை

தாரா சிங்கைத் தெரியாத மூத்த தலைமுறை நம்மிடையே இருக்க முடியாது. 1947-இல் வேலை தேடிச் சிங்கப்பூருக்கு வந்தவர். இங்கேயே மல்யுத்தம் பழகி, கோலாலம்பூரில் தார்லோக் சிங்கைத் தோற்கடித்துப் புகழ் பெற்றார். கிங்காங்கோடு அவர் மோதிய கதையைச் சொல்லாத தோட்டத்துத் தாத்தாக்கள் குறைவு. அந்தத் தாரா சிங் 1972-இல் ‘சுல்தானா டாகு’ என்ற இந்திப் படத்தில் கதாநாயகனாக நடித்தார். டாகு என்றால் கொள்ளைக்காரன்.

சுல்தானா என்றதும் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவைக் கலக்கிய ஓர் இளைஞனின் பெயர் அது. பெயரைக் கேட்டாலே ஜமீன்தார்கள் கதவை அடைத்தார்கள். அதே பெயரைச் சொல்லி ஏழைகள் பாட்டுக் கட்டினார்கள். திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ‘நவுட்டங்கி’ என்ற வட இந்தியக் கூத்தில், நம் ஊர்க் காத்தவராயன் கூத்தைப் போல, சுல்தானாவின் கதை இடம்பிடித்துவிட்டது.

உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில், இமயமலை அடிவாரத்தில், ஹரித்துவாருக்குத் தென்கிழக்கே நஜீபாபாத் என்ற ஊர் இருக்கிறது. ஊருக்கு அருகே சிதைந்துபோன ஒரு பழைய கோட்டை. ஏடுகளில் அதன் பெயர் பத்தர்கட், அதாவது கல்கோட்டை. ஊர் மக்களிடம் வழி கேட்டால் சுல்தானாவின் கோட்டை என்றுதான் சொல்வார்கள். அதைக் கட்டியவன் சுல்தானா அல்ல, ஆண்டவனும் அல்ல. அவன் அங்கே அடைத்து வைக்கப்பட்டவன். சிறை இருந்தவனின் பெயர் எப்படிக் கோட்டைக்கு வந்தது என்பதுதான் இந்தக் கதை.

கோட்டையைக் கட்டிய நவாப்

நஜீப் உத் தௌலா என்ற ஆப்கானியர் சாதாரணப் படைவீரராக இந்துஸ்தானத்துக்கு வந்தவர். வாள் வலிமையாலும் தந்திரத்தாலும் படிப்படியாக உயர்ந்து, நஜீபாபாத் நகரைத் தம் பெயரால் உருவாக்கினார். 1755-ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் கோட்டையை எழுப்பினார். 1761-இல் நடந்த மூன்றாம் பானிபட் போரில் அகமது ஷா அப்தாலியின் பக்கம் நின்றார். போருக்குப் பின் 1770-இல் இறக்கும் வரை டில்லியின் உண்மையான அதிகாரம் அவர் கையில்தான் இருந்தது.

அவர் இறந்த இரண்டே ஆண்டுகளில், 1772-இல், மராட்டியப் படை வந்து கோட்டையைச் சூறையாடியது. அவருடைய பேரன் குலாம் காதிர் 1788-இல் டில்லி அரண்மனைக்குள் புகுந்து கருவூலத்தைத் தோண்டினான். எதிர்பார்த்த செல்வம் கிடைக்காத கோபத்தில் முதிய பாதுஷா ஷா ஆலத்தின் கண்களைப் பறித்தான். 1857 கிளர்ச்சியில் இந்த வம்சத்து நவாப் மகமூது கான் வெள்ளையருக்கு எதிராக எழுந்தார். மறு ஆண்டு வெள்ளையர் படை நஜீபாபாத்தைப் பிடித்து, நவாபின் மாளிகையை இடித்துத் தள்ளியது.

ஆக, சுல்தானா பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்தக் கோட்டை கொள்ளையைப் பார்த்த கோட்டைதான். ஆனால் படை திரட்டிக் கொள்ளையடித்தவர்கள் வரலாற்றில் நவாப், தளபதி, துரை என்று பெயர் பெற்றார்கள். சுல்தானாவின் மக்களுக்கு வேறு பெயர் காத்திருந்தது.

1871-இல் வந்த சட்டம்

சுல்தானா பாந்து என்ற நாடோடிச் சமூகத்தில் பிறந்தவன். தாங்கள் மேவார் அரசர் ராணா பிரதாப்பின் வீரர்களுடைய வழித்தோன்றல்கள் என்று அந்த மக்கள் சொல்லிக்கொள்வார்கள். நிலம் கிடையாது, நிலையான ஊர் கிடையாது. காட்டோரமாகக் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்கள். அவர்களில் திருடியவர்களும் உண்டு, திருடாதவர்களும் உண்டு.

1871-இல் வெள்ளையர் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, ஆகவே திருடன் மகன் திருடன் என்பதுதான் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த எண்ணம். ஒருவர் என்ன செய்தார் என்று அந்தச் சட்டம் பார்க்கவில்லை. யாருக்குப் பிறந்தார் என்று பார்த்தது. ஒரு சமூகத்தின் பெயர் அரசாணையில் ஏறிவிட்டால், அந்தச் சமூகத்தாரைப் பதிவேட்டில் சேர்க்கலாம், கைரேகை எடுக்கலாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியூர் போனால் தண்டிக்கலாம். குறிப்பிட்ட இடத்தில் கொண்டுபோய்க் குடிவைக்கவும் செய்யலாம்.

முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் 1911-இல் திருத்தப்பட்டு, சென்னை மாகாணம் வரை நீண்டது. இந்தியா விடுதலை பெறும் நேரத்தில் ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் பேர் இந்தச் சட்டத்தின் கீழ் இருந்தார்கள். அவர்களில் தொட்டில் குழந்தைகளும் உண்டு.

கோட்டைக்குள் ஒரு குடும்பம்

இத்தனை பேரை எங்கே வைப்பது, யார் பார்த்துக்கொள்வது? அரசு பல இடங்களில் அந்தப் பொறுப்பை இரட்சணிய சேனையிடம் கொடுத்தது. இந்தியாவில் அந்த அமைப்பை 1882-இல் தொடங்கிய பூத் டக்கர், முன்பு ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர். குற்றவாளி என்று சொல்லப்படுவோரையும் உழைப்பாலும் அன்பாலும் திருத்தலாம் என்று நம்பியவர். அடித்து நொறுக்குவதைவிட நெசவும் விவசாயமும் கற்றுக்கொடுப்பது மேல் என்ற அளவில் அது நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நல்ல எண்ணமும் மதிலுக்கு உள்ளேதான் நடந்தது. பேர் கூப்பிட்டு ஆளை எண்ணுவது, சீட்டு வாங்கித்தான் வெளியே போவது என்ற கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்ட பிறகே நெசவும் படிப்பும்.

அப்படிப்பட்ட குடியிருப்புகளில் ஒன்றாக நஜீபாபாத் கோட்டை மாற்றப்பட்டது. நவாபின் படைகள் நின்ற இடத்தில் நூற்றுக்கணக்கான பாந்து மக்கள் குடியமர்த்தப்பட்டார்கள். இளைஞனான சுல்தானாவும், அவனுடைய இளம் மனைவியும், கைக்குழந்தையான மகனும் அவர்களில் அடங்குவர்.

கோட்டைக்குள் பிறந்து வளர்ந்த ஒரு பாந்துக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். வீடு என்றால் அதற்குத் தெரிந்தது கோட்டை. விளையாடும் இடம் இடிந்த கொத்தளம். இருட்டினால் பாட்டியின் கதை. ராணா பிரதாப்பின் வாளும், அவருடைய சேதக் குதிரையும், காட்டில் மறைந்து வாழ்ந்த முன்னோர்களும் அந்தக் கதைகளில் வருவார்கள். பொழுது விடிந்தால் வாசலில் பெயர் கூப்பிடும் குரல். இரவில் வீரனின் வாரிசு, பகலில் பதிவேட்டில் ஓர் எண். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

சுல்தானா இளைஞன். சும்மா உட்கார வைக்கப்பட்ட வாழ்க்கை அவனுக்கு ஒத்துவரவில்லை. ஓர் இரவு மதில் ஏறிக் குதித்துத் தப்பினான். மனைவியும் மகனும் உள்ளேயே இருந்தார்கள்.

காட்டில் கழிந்த காலம்

தப்பியவன் தனியாக இருக்கவில்லை. ஓராண்டுக்குள் ஏறக்குறைய நூறு பேர் அவனோடு சேர்ந்தார்கள். எல்லார் கையிலும் துப்பாக்கி இருந்தது. கிழக்கே கோண்டா முதல் மேற்கே சகாரன்பூர் வரை பல நூறு மைல் நீளத்துக்கு அவர்கள் கை நீண்டது. சில வேளைகளில் பஞ்சாபுக்குள்ளும் புகுந்து வந்தார்கள். மலையடிவாரக் காடுகள் அவனுக்கு மறைவிடமாயின.

இந்தக் காலத்துச் சுல்தானாவைப் பற்றி நமக்கு விவரமாகச் சொன்னவர் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடியவர் என்று நாம் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். 1875-இல் நைனிடாலில் பிறந்த அவர், சுல்தானாவைப் பிடிக்கும் போலீஸ் படைக்குக் காட்டில் வழிகாட்டியாகச் சென்றவர். அதாவது அவர் எதிர்த்தரப்பு. அவரே தம் ‘மை இந்தியா’ என்ற நூலில் சுல்தானாவுக்குத் தனியாக ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்.

கார்பெட் எழுதியபடி, சுல்தானா ஏழையிடமிருந்து ஒரு பைசாகூடப் பறித்ததில்லை. தர்மம் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. சிறு கடைக்காரரிடம் பொருள் வாங்கினால் கேட்ட விலையைப் போல் இரு மடங்கு கொடுத்தான்.

இதைப் படித்துவிட்டு அவனைத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. அவன் நடத்தியது ஆயுதம் தாங்கிய கொள்ளை. அவன் கும்பல் புகுந்த ஊர்களில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. நகை நட்டை இழந்த குடும்பங்களுக்கு அவன் நாயகன் அல்ல, எமன். அந்தக் கண்ணீரும் கணக்கில் வர வேண்டும்.

இருந்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது. மதிலுக்கு உள்ளே இருந்தாலும் திருடன், வெளியே போனாலும் திருடன் என்று ஒருவனுக்கு முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டால், அவன் திருந்தி வாழ்வதற்கு எந்த வாசலைத் திறந்து வைத்தோம்?

தர்பூசணிப் பழத்தோடு வந்தவன்

கொள்ளை பெருகியதும் ஐக்கிய மாகாண அரசு தனிப்படை ஒன்றை அமைத்தது. மாகாணம் முழுவதிலுமிருந்து பொறுக்கி எடுத்த 300 போலீஸ்காரர்கள். தலைவர் ஃபிரெடி யங் என்ற வெள்ளைக்கார அதிகாரி. ஆள் பருத்த உடல், ஆனால் அயராத உழைப்பாளி. அவர் ஆத்திரப்படவில்லை. சுல்தானாவின் ஆட்கள் வந்து போகும் இடங்களைக் கண்காணித்தார். துப்புச் சொல்பவர்களைப் பிடித்தார். கும்பலைச் சிறிது சிறிதாகக் கரைத்தார்.

இந்தத் துரத்தலின் நடுவில்தான், இன்றும் பேசப்படும் ஒரு சந்திப்பு நடந்தது. தனியாக, ஆயுதமின்றிச் சந்திக்கலாமா என்று சுல்தானா யங்குக்குச் செய்தி அனுப்பினான். யங் ஒப்புக்கொண்டார். காட்டுக்கு நடுவே மரமில்லாத ஒரு வெட்டவெளி. ஒரு பக்கத்திலிருந்து அதிகாரி வந்தார். மறுபக்கத்திலிருந்து சுல்தானா வந்தான். அவன் கையில் துப்பாக்கி இல்லை, கத்தி இல்லை. ஒரு தர்பூசணிப் பழம் இருந்தது.

இருவரும் உட்கார்ந்தார்கள். பழத்தைப் பகிர்ந்து தின்ன அழைத்தான். பேச்சு நடந்தது. நிபந்தனை இல்லாமல் சரணடைய வேண்டும் என்பது யங்கின் நிலை. அதற்குமேல் வாக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. சரணடைந்தால் தூக்குக் கயிறுதான் என்பது சுல்தானாவுக்குத் தெரியும். பேச்சு முறிந்தது. இருவரும் கொடுத்த வாக்கை மீறாமல் வந்த வழியே திரும்பினார்கள். மறுநாளிலிருந்து மீண்டும் துரத்தல்.

இன்னொரு முறை கார்பெட்டும் நண்பர்களும் தடம் பிடித்துப் போய் ஓர் ஆலமரத்தடியை அடைந்தார்கள். அவர்களைச் சுட்டுத் தள்ள சுல்தானாவுக்கு வாய்ப்பு இருந்தது. அவன் சுடவில்லை. தாம் உயிரோடு திரும்பியது அவன் விட்டுக்கொடுத்ததால்தான் என்று பிற்பாடு கார்பெட் எழுதி வைத்தார்.

பிடிபட்டதும் முடிவும்

கும்பல் சுருங்கியது. பலர் பிடிபட்டார்கள், சிலர் விலகினார்கள். நூறு பேரோடு திரிந்தவன் கடைசியில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரோடு காட்டில் அலைந்தான். 1923 டிசம்பரில் ஃபிரெடி யங்கின் படை அவனைப் பிடித்தது. பிடிபட்ட இடம் நஜீபாபாத் பக்கத்துக் காடு. எங்கெங்கோ சுற்றியவன், தன் மனைவியும் மகனும் இருந்த கோட்டையின் அருகிலேயே அகப்பட்டான்.

கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டி அவனை ஊர்வழியே கொண்டு போனபோது, முன்பு அவன் பெயரைக் கேட்டு நடுங்கியவர்கள் கூடிநின்று கேலி செய்தார்கள். விசாரணை நடந்தது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1924-இல் அது நிறைவேற்றப்பட்டது.

துரத்திப் பிடித்த அதிகாரிக்கும் பிடிபட்டவனுக்கும் சிறைக்குள் ஒருவகை நட்பு வளர்ந்ததாகச் சொல்வார்கள். தன் நாயைப் பார்த்துக்கொள்ளும்படி சுல்தானா யங்கிடம் கேட்டதாகவும், அவர் ஏற்றுக்கொண்டதாகவும் பேச்சு உண்டு. அவன் மகனைப் பற்றியும் ஒரு கதை வட இந்தியாவில் உலவுகிறது. தன் பிள்ளை தன்னைப்போல் ஆகிவிடக் கூடாது என்று சுல்தானா கேட்டுக்கொண்டானாம். யங் அந்தப் பிள்ளைக்குப் படிப்புக் கொடுத்தாராம், கடல் கடந்து அனுப்பிப் படிக்க வைத்தாராம். மக்கள் இந்தக் கதையை ஏன் விடாமல் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. தகப்பனுக்குத் திறக்காத கதவு மகனுக்காவது திறந்திருக்க வேண்டும் என்ற ஆசை அது.

மனசாட்சி உறுத்திய வேட்டைக்காரர்

சுல்தானா செத்த பிறகு, அவனைப் பிடிக்க உதவிய கார்பெட்டுக்கு மனம் ஆறவில்லை. சட்டம் ஒழுங்கு வேண்டும் என்பதில் அவருக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அவனை விலங்கிட்டு வேடிக்கைப் பொருளாக்கியிருக்க வேண்டியதில்லை என்று வருந்தினார். பிறந்தபோதே குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவனுக்கு நியாயமான வாய்ப்பே கிடைக்கவில்லை, ஆகவே தண்டனையைக் குறைத்திருக்கலாம் என்று எழுதினார். அதிகாரம் கையில் இருந்தபோது அவன் ஏழையை வதைக்கவில்லை என்பதையும், எதிரியைச் சந்திக்கப் பழத்தோடு போனான் என்பதையும் அதற்குக் காரணமாகக் காட்டினார். கார்பெட் பின்னர் கென்யாவில் குடியேறி 1955-இல் காலமானார்.

கூத்துக்காரர்கள் சுல்தானாவை விடவில்லை. தன் குதிரைக்குச் சேதக் என்றும், வெள்ளையர் வழங்கும் ராய் பகதூர் பட்டத்தைக் கேலி செய்ய அதைத் தன் நாய்க்கும் வைத்தான் என்றும் கதை கட்டினார்கள். பாகிஸ்தானிலும் அவன் பெயரில் படம் வந்தது. சுஜித் சராஃப் எழுதிய ஆங்கில நாவல் 2009-இல் வெளிவந்தது.

அவனுடைய மக்களின் நிலைமை மட்டும் உடனே மாறிவிடவில்லை. 1926-இல் பாந்து குடும்பங்கள் பல கப்பலேற்றப்பட்டு அந்தமான் தீவுகளில் குடியமர்த்தப்பட்டன. காட்டை வெட்டி நிலமாக்கி அங்கே விவசாயம் செய்தார்கள். கடல் தாண்டிக் காடு வெட்டிய கதை நமக்குப் புதிதா என்ன?

மதுரைப் பக்கத்திலும் இதே கதைதான்

எங்கோ வடக்கே நடந்தது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதே சட்டம் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் மக்கள்மீதும் பாய்ந்தது. ரேகைச் சட்டம் என்றுதான் ஊரில் சொல்வார்கள். வயது வந்த ஆண்கள் இரவானால் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும். வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி என்றாலும் விதிவிலக்கு இல்லை. பதிவு செய்ய மறுத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் எதிர்த்து நின்றபோது, 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீஸ் சுட்டது. 16 பேர் உயிர் துறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

அம்மக்களுக்காக வழக்காடிய ஜார்ஜ் ஜோசப்பை ரோசாப்பூ துரை என்று ஊரே பாசத்தோடு அழைத்தது. முத்துராமலிங்கத் தேவரும் ப. ஜீவானந்தமும் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் அது நீக்கப்பட்டது. 1952 ஆகஸ்டு 31-ஆம் நாள் இந்தியா முழுவதும் ஒழிந்தது. குற்றப் பரம்பரை என்ற சொல் போய், சீர்மரபினர் என்ற சொல் வந்தது.

ஆகஸ்டு 31 என்றதும் நமக்கு மெர்டேக்கா நினைவுக்கு வரும். நாம் கொடியேற்றும் அதே நாளை, இந்தியாவில் இச்சமூகத்தார் தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

நம் வாசலில் நிற்கும் கேள்வி

மதுரை, இராமநாதபுரம், சேலம், திருச்சி என்று பல சீமைகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாம். மூவார் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள். பிறப்பை வைத்துக் குற்றம் சுமத்தும் சட்டம் இந்த நாட்டில் இருந்ததில்லை. சந்தேகப் பேர்வழிகளை ஊர் மாற்றி வைக்கும் 1933-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. ‘புவாங் டாயேரா’ என்று தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள். அதுவும் 2011-இல் நீக்கப்பட்டுவிட்டது.

சட்டம் போய்விட்டது. பார்வை போய்விட்டதா? 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்ற செய்தி நம்மை உலுக்கியது. அந்தக் கணக்கை மறைத்துப் பயனில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, வீடும் வேலையும் ஒரே நாளில் போய், பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளை முதலில் தேடி வந்து அண்ணன் என்று அணைத்துக்கொண்டது யார் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் அந்தக் கணக்கில் சேராத பிள்ளைகள்தான் மிகப் பெரும்பாலோர். மூவாரில் மரத்தளவாடத் தொழிற்சாலைக்கு வேலை கேட்டுப் போகும் பையனை, முகவரியைப் பார்த்ததும் மேலும் கீழும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட வருத்தம், நம்மவர்களே செய்வது. வகுப்பில் ஒரு பையன் சண்டை போட்டால், சித்தப்பன் மாதிரிதானே வருவான் என்று சொல்லிவிடுகிறோம். கல்யாண வீட்டில் நான்கு பேர் நடுவே, அந்த வீட்டுப் பிள்ளையா, அப்படித்தான் இருக்கும் என்கிறோம். பதிவேடும் கைரேகையும் இல்லாமலேயே நாம் எழுதும் தீர்ப்பு அது.

இன்னொரு பக்கமும் உண்டு. குண்டர்களை வீரர்களாக்கிக் கதை பேசுவதும் நம்மிடம் இருக்கிறது. சாவு ஊர்வலத்தில் கொடி பிடித்து, ஏழைக்கு உதவியவர் என்று புகழ்ந்து, அதைக் கைப்பேசியில் பரப்புகிறோம். பக்கத்தில் நிற்கும் பதினைந்து வயதுப் பையன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சுல்தானாவின் கதையில் அவன் கண்ணுக்குப் படுவது குதிரையும் துப்பாக்கியும். தூக்குமேடையும், கோட்டைக்குள் விடப்பட்ட இளம் மனைவியும், தகப்பன் முகம் தெரியாத குழந்தையும் அவன் கண்ணில் படுவதில்லை. அதை எடுத்துச் சொல்ல வேண்டியது பெரியவர்கள் வேலை.

நஜீபாபாத் கோட்டையை நவாபின் பெயரால் இன்று ஊர் அழைப்பதில்லை. டில்லியையே ஆட்டிவைத்தவரை மறந்துவிட்டு, மதில் ஏறித் தப்பிய ஒருவனின் பெயரை அந்தக் கல்லுக்கு மக்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மதிலுக்குள் அவனோடு இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் தப்பவில்லை, கொள்ளையடிக்கவில்லை. தறியில் உட்கார்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் அதே முத்திரைதான் குத்தப்பட்டிருந்தது.

அடுத்த முறை நம் வீட்டருகே ஒரு பையனைப் பற்றி, அவன் யார் மகன் என்று தெரிந்ததும் வாய் துடிக்கும்போது, அந்தக் கோட்டையை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். அவன் பெயரைக் கேட்போம், என்ன படிக்கிறான் என்று கேட்போம். மீதியை அவன் சொல்லட்டும்.